கண்ணில்லாத கேமரா

அந்தக் கேமராவை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது அம்மா. கூடலூர் பக்கம் ஓவேலியில் அவள் தேயிலைக் கொழுந்து பறித்துவந்த எஸ்டேட்டின் பழைய பங்களாவை ஒழித்தபோது நான்கு நாள் கூட்டிப் பெருக்கப் போயிருந்தாள். தூக்கிப் போடக் குவித்திருந்த சாமான்களில் இதைப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கலாமா ஐயா?" என்று கிளார்க்கிடம் கேட்டு மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். வாங்கியதும் கை தாழ்ந்தது, அவ்வளவு கனம். மேலே இரண்டு மூன்று திருகுகள், பின்னால் கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னச் சன்னல், முன்னால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை.

"கண்ணில்லாத கேமரா" என்றாள் அம்மா. "நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே. இதுக்கு ஒரு கண்ணு தேடிப் போடு. போட்டதும் மொதப் படம் என்னைத்தான் எடுக்கணும், சொல்லிட்டேன்."

அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். அம்மாவுக்கும் போட்டோவுக்கும் ஜென்மப் பகை. இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது அவளுக்கு எட்டு வயது. குடும்ப அட்டைக்காக எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்களாம். ஃபிளாஷ் அடித்ததும் அம்மா கண்ணை மூடிவிட்டாள். அந்தப் படத்தை யாரும் மறுபடி எடுக்கவில்லை. அதற்கப்புறம் போன ஆபீசிலெல்லாம், "கண்ணைத் திற, இது நீதானா?" என்று தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கேமராவைத் தூக்கினாலே அவள் கண் தானாக மூடிக்கொள்ளும். வாக்காளர் அட்டையில் மூடியிருக்கிறது. ஆதாருக்கு ஏழு தடவை எடுத்து, படம் எடுத்த பெண் சலித்துப்போய், பாதி திறந்ததை ஏற்றுக்கொண்டாள். போனை நீட்டினால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகளான என்னிடமே கண் திறந்த அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை.

எனவே அந்த ஓட்டைக்கு ஒரு கண் தேட ஆரம்பித்தேன். இரண்டு வருடம் தேடினேன்.

இந்த வகைக்கு ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர். இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்திலிருக்கும் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். சன்னலின் நடுவே ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்த இடத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். லென்ஸில் என்ன கோளாறு இருந்தாலும் சன்னலில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். படித்ததோடு சரி.

ஜெர்மன் லென்ஸ் என்றால் என் ஒரு வருடச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஜப்பான் லென்ஸ் அதில் பாதி. ஏழைகளுக்கென்று இருப்பது பழைய ரஷ்ய லென்ஸ்கள்தான். அதே திருகு மரையில் செய்தவை, அலுமினியம், லேசானவை. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஊட்டிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் டூரிஸ்டுகளுக்குக் காட்டுகிற மாதிரி வெல்வெட்டில் வைத்துக் காட்டுவார். விலை கேட்டதும் நானே திரும்ப அவர் பக்கம் தள்ளிவிடுவேன். போனில் விற்பவர்கள் எல்லோரும் "பூஞ்சை இல்லை, கீறல் இல்லை, புத்தம் புதுசு போல" என்றே எழுதுவார்கள். வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் அனுப்புங்கள் என்றால் பதில் வராது. நான் உட்கார்ந்த இடத்தில் உட்காராதவள். குன்னூருக்கு வெளியே ஒரு டீ ஃபேக்டரி ஆபீசில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். ஏல மையத்துக்கு லோடு போகும் நேரத்தில்கூட ஒரு கண் போனில்தான் இருக்கும். சோற்றில் கை வைத்தபடி விலை பார்ப்பேன். பஸ்ஸில் தூங்கி விழுந்து எழுந்ததும் பார்ப்பேன். எதற்கு இந்த அவசரம் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஒருமுறை குன்னூரில் மூடப் போகிற ஒரு ஸ்டுடியோவில், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து நீட்டினார் முதலாளி. "மரை சேருதான்னு பாருங்க" என்றார். திருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. பேரம் பேசக்கூடப் பொறுமையில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். நல்லவேளை, அம்மாவை எடுக்குமுன் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஃபிலிம் ரோல் எடுத்துப் பார்த்தேன். முப்பத்தாறு படத்தில் ஒன்றில்கூட ரயில் இல்லை, மலை இல்லை, ஏதோ கஞ்சி கொட்டிய மாதிரி இருந்தது. விசாரித்தால் அது கேமரா லென்ஸே இல்லையாம். இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவியில் மாட்டுவதாம். மரை மட்டும் இரண்டுக்கும் ஒரே அளவு. அன்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அப்புறம் ஒரு நவம்பர் மாதம் அம்மா போன் செய்தாள்.

"இந்த மாசக் கடைசியோட எனக்கு வேலை முடியுது புள்ள. அம்பத்தெட்டு ஆயிருச்சில்ல. கூடையைத் திருப்பிக் குடுத்துட்டு, லயத்து வீட்டைக் காலி பண்ணிட்டு ஒன்கிட்ட வந்துர்றேன். கண்ணு கெடச்சுதா?"

"கிடைச்சிடும்மா."

"கூடையோட ஒண்ணு எடு. அப்புறம் கூடை இருக்காது."

அவள் வாய்விட்டு என்னிடம் எதையும் கேட்டவளில்லை. கூடையோடு, மலையில், கண் திறந்து ஒரு படம். மாதக் கடைசிக்குள் அதை எடுத்தே ஆக வேண்டும்.

ஒன்பது நாள் மிச்சமிருந்தபோது ஒரு லென்ஸ் கிடைத்தது. குந்தாவில் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம். ரஷ்ய லென்ஸ், என் கைக்கு எட்டுகிற விலை. நேர்மையான மனிதர். டார்ச் அடித்துக் காட்டி, "உள்ளே பூஞ்சை இருக்குதுங்க. பாருங்க, சிலந்தி நூல் மாதிரி. திருகுறதும் ரொம்ப இறுக்கம். கோயமுத்தூர்ல ஒருத்தர் பிரிச்சு சுத்தம் பண்ணுவாருங்க, அவர்கிட்டக் குடுத்துட்டு அப்புறம் மாட்டுங்க" என்றார். கோவைக்காரருக்கு அங்கேயே நின்று போன் செய்தேன். பத்து நாள் ஆகும் என்றார்.

எனக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அந்த ஒரு நாளுக்காக அவரிடம் கெஞ்சியிருக்கலாம். அவரைப் பார்க்க நேரே போய் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். இப்போது யோசிக்கும்போது எல்லா வழியும் தெரிகிறது.

அப்போது எனக்குத் தெரிந்த வழி டிரையர். எங்கள் ஃபேக்டரியில் மழைக்காலம் வந்துவிட்டால் டிரையர் டீத்தூளுக்கு மட்டுமல்ல. நனைந்த சட்டை, ஷூ, பிள்ளைகளின் யூனிஃபார்ம், ஒருமுறை யாரோ ஒருவரின் நிலப்பட்டா, எல்லாம் அதன் பக்கத்தில் காயும். குன்னூரில் நவம்பரில் வெயிலை நம்பி யாரும் துணி துவைப்பதில்லை. ஈரத்தால் வந்தது எதுவும் டிரையரில் போகும் என்பது எங்களுக்கெல்லாம் ஊறிப்போன நம்பிக்கை. பூஞ்சையும் ஈரத்தால் வந்ததுதானே?

லென்ஸை டிபன் டப்பாவில் வைத்து டிரையர் பார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்தார்.

"ஏனுங்க மேடம், சட்டைன்னா ஒரு மணி நேரமுங்க. ஷூன்னா ரெண்டு. இதுக்கு எத்தனைங்க?"

"தெரியலைங்க. நல்லாக் காயட்டும்."

"அப்படின்னா நாளைக்குக் காலைல வாங்கிக்குங்க. நல்ல சூடான பக்கமா வெக்கறேன்."

காலையில் டப்பாவைத் திறந்தேன். டீ வாசனை மூக்கில் ஏறியது. பூஞ்சை நூல் மங்கிப்போன மாதிரி இருந்தது. அதைவிட ஆச்சரியம், கல் மாதிரி இறுகிக் கிடந்த வளையம் இப்போது வெண்ணெய்போலத் திரும்பியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் நன்றி சொல்லச் சொல்ல டிரையர்காரர் கூச்சப்பட்டார். கண்ணாடிக்குள் மூச்சு விட்ட மாதிரி ஒரு படலம் தெரிந்தது. பனி என்று நினைத்து, துணியால் வெளியே துடைத்தேன். போகவில்லை. ஓவேலி வெயிலில் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு ரோல் போட்டுச் சோதிக்க நாள் இருந்தது. மனம்தான் இல்லை. இதிலும் கஞ்சி கொட்டியிருந்தால் என்ன செய்வது என்ற பயம்.

கடைசி நாள் காலையில் கூடலூரில் இறங்கி, ஜீப் பிடித்து எஸ்டேட் போய்ச் சேர்ந்தேன். அம்மாவுக்குப் பதினொன்றாம் நம்பர் மலையில் வேலை. துளி மேகமில்லை. வெயில் இலைமேலெல்லாம் மின்னியது. மதியம் கூடப் பறிக்கிறவர்கள் அவளுக்கு மாலை போட்டு போனில் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு போனுக்கும் அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். "இவ எப்பவும் இப்படித்தான்" என்று சிரித்தார்கள். நானும் போனை எடுக்கவில்லை. என் கேமராவுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று ஒரு வீம்பு.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அம்மா கூடையை மாட்டிக்கொண்டு செடி வரிசை நடுவே போய் நின்றாள். மாலையைக் கழற்றிக் கூடைக்குள் போட்டாள்.

"எடு."

சன்னலில் இரண்டு அம்மா தெரிந்தார்கள். வளையத்தைத் திருகினேன். இரண்டு பேரும் நெருங்கி ஒரே அம்மாவானார்கள். வழக்கம்போல இமை துடித்தது. அம்மா கூடைக் கயிற்றை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். அப்புறம் கண்ணைத் திறந்தாள். நேராக என்னையே பார்த்தாள். அவள் கண்மணி இவ்வளவு பழுப்பு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அழுத்தினேன். மூடவில்லை. இன்னொன்று. மூடவில்லை. கண்ணில் நீர் கட்டிக் கன்னத்தில் வழிந்தது.

"எரியுது புள்ள, சீக்கிரம்."

ஆறு படம் எடுத்தேன். ஆறுக்கும் அவள் இமைக்கவில்லை. அன்று மாலை அம்மாவோடு ஜீப்பில் கூடலூர் வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். வாயை மூட முடியவில்லை.

கோவை லேபிலிருந்து படங்கள் போனுக்கு வந்தபோது ஆபீசில் இருந்தேன். எல்லாம் வெள்ளை. அந்த வெயிலில் எங்கிருந்தோ பனி வந்து இறங்கிய மாதிரி. வெள்ளைக்குள் ஒரு கூடை தெரிகிறது, அதன் முன்னால் ஒரு பெண் உருவம் தெரிகிறது. முகம் ஒரு கறை. பாத்ரூமில் போய் அழுதேன்.

பிரிண்டைக் காட்டியபோது அம்மா என் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விளக்குக்குக் கீழே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கண்ணு தொறந்திருக்கா, மூடியிருக்கா?"

"தெரியலம்மா."

"தொறந்துதான் வெச்சிருந்தேன்."

"தெரியும்மா. நான் பாத்தேன்."

"நீ பாத்த" என்றாள். படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், அங்கே ஏதாவது இருக்குமோ என்பதுபோல. "அம்பது வருசத்துல அன்னைக்கு ஒரு நாத்தான் தொறந்தேன்."

திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாயிருந்திருக்கும். அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

லென்ஸைக் கோவைக்கு அனுப்பினேன். பிரித்துப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார். வளையத்துக்குள் இருந்த கிரீஸ் சூட்டில் உருகி, வெளிச்சத்தைக் குறைக்கிற தகடுகளை ஒட்டவைத்து, கண்ணாடியெல்லாம் படிந்திருக்கிறது என்றார். அது வெண்ணெய் மாதிரித் திரும்பியதன் ரகசியம் அதுதான். "இதை எங்கேங்க வெச்சிருந்தீங்க? பிரிச்சதும் டீ வாசம் அடிக்குது" என்றார். நான் சொல்லவில்லை. சொன்னபடி பத்தே நாளில் சுத்தம் செய்து அனுப்பிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு நல்ல வெயில் நாளில் அம்மாவை வாசலில் உட்காரவைத்து எடுத்தேன். மறுக்கவில்லை. கூடை இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். இந்த முறை படம் அப்படியொரு துல்லியம். கன்னத்து மச்சம், காதோர நரை, புடவைக் கரையில் பிரிந்த ஒற்றை இழை. இமை முடி ஒவ்வொன்றையும் எண்ணலாம். கண் இரண்டும் இறுக மூடியிருக்கின்றன.

அம்மா அதை எட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், குடும்ப அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தாள். அதில் கண்மூடிய எட்டு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் படம் ஏற்கெனவே இருந்தது. புதுப் படத்தை அதில் வைக்கவில்லை.

"இதை நீ வெச்சுக்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள்.