முத்துச்செல்வி கேட்ட ரெண்டு பிரிண்ட்

ஸ்ரீபெரும்புதூர்ல போட்டோன்னா கண்ணப்பன். பெருமைக்குச் சொல்லலை, பஸ் ஸ்டாண்டுல இறங்கி யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அஞ்சாங் கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவன் இருட்டறையில ஃபிலிம் கழுவ ஆரம்பிச்சு, சொந்தமா ஸ்டூடியோ வச்சு, கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, போட்டோஷாப்பை யாரும் சொல்லிக் கொடுக்காம நானே தட்டித் தட்டிக் கத்துக்கிட்டவன். ஒரகடம் வரைக்கும் எத்தனையோ மேனேஜர்களோட மூஞ்சி என் கையிலதான் வெளுத்திருக்கு.

அப்பேர்ப்பட்ட எனக்கே ஒரு படம் அஞ்சு வருஷம் திறக்கலை. அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவ பேரு முத்துச்செல்வி. அவ கதையைத்தான் எழுதறேன்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு. பிளஸ் டூ முடிச்ச கையோட 2007-ல் இங்க ஒரு செல்போன் கம்பெனிக்கு வந்தா. தண்டலத்துல ஹாஸ்டல், ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். வேலை இன்னான்னா, நெல்லுமணி அளவு பீஸை எடுத்து போர்டு மேல சரியா உக்கார வைக்கணும். எட்டு மணி நேரமும் அதேதான். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், உடம்புக்கு வெள்ளைக் கோட்டு. வெளிய தெரியறது கண்ணு மட்டும்.

பக்கத்து சீட்டுல உக்காந்தவ சுகப்பிரியா, பரமக்குடிக்காரி. லைன்ல பேசக் கூடாது. லைன் நிக்கக் கூடாதுன்னு அடுத்தடுத்த சீட்டுக்காரங்களை ஒண்ணா சாப்பிடவும் விட மாட்டாங்க. ஹாஸ்டலும் வேற வேற. முதல் ஒரு மாசம் சுகப்பிரியாவோட வாய் எப்படி இருக்கும்னே தெரியாதுன்னு முத்துச்செல்வி என்கிட்ட சொல்லியிருக்கா. சூப்பர்வைசர் வர்றாரு, தூக்கம் வருது, ஊருக்குப் போகணும் போல இருக்கு, எல்லாத்துக்கும் ஒரு பார்வைதானாம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா என் கடைத் தெருவுல நடப்பாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வெளிய வந்தும் பேச்சு கம்மிதான்.

கம்பெனிக்குள்ள கேமரா போகாது. போனைக்கூட கேட்லயே வாங்கி வச்சிருவாங்க. வருஷத்துல ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும், மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு, பொரிகடலை பிரிச்சு வச்சிருக்கும்போது போட்டோ எடுக்க விடுவாங்க. அதுக்கு ஒரே ஆளு, நான்.

2009 ஆயுத பூஜை. அப்பத்தான் புதுக் கேமரா வாங்கியிருந்தேன். குரூப் போட்டோவெல்லாம் முடிஞ்சுது. ரெண்டு பேரும் வந்து நின்னாங்க. சுகப்பிரியாவுக்குத் தையில கல்யாணம் நிச்சயம் ஆயிருச்சாம். இந்த ஹாஸ்டல் பொண்ணுங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி கல்யாணமாகிப் போனா, அவளோட சேர்ந்து நிக்கிற படத்தை ஃபிரேம் போட்டு, மண்டபத்துல மாப்பிள்ளை எதிர்ல அவ கையில கொடுக்கணும். முத்துச்செல்விக்கு அது லைன்லயே, அந்த சீட்டுலயே எடுத்த படமா இருக்கணும். சூப்பர்வைசரும் நல்ல மனுஷன், ஒரு நிமிஷம் தொப்பியும் மாஸ்க்கும் கழட்டிக்க விட்டாரு.

அந்த வெளிச்சத்துல அந்த ரெண்டு மூஞ்சியும் விழுந்த அழகைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துருச்சு. இதைப் பெருசா போட்டு கடை வாசல்ல மாட்டணும்னு. கேமரா வித்தவன், பெருசா போடணும்னா 'ரா'ன்னு (RAW) கேமராவுல ஒரு வகை இருக்கு, அதுல எடுங்க, எல்லா விவரமும் அப்படியே தங்கும்னு சொல்லியிருந்தான். அவங்க ரெண்டு பேரை எடுத்த மூணு படத்துக்கு மட்டும் கேமராவை அந்த 'ரா'வுக்கு மாத்தினேன்.

கடைக்கு வந்து போட்டா, என் போட்டோஷாப் திறக்கலை. அது பழசு, கேமரா புதுசு. இந்தக் கேமராவோட 'ரா' படத்தை அதுக்கு அடையாளமே தெரியலை. நான் சும்மா விடுவேனா? மத்த படத்துப் பேருக்கெல்லாம் கடைசியில ஜேபிஜின்னு இருந்தது. இதுக்கு மட்டும் வேற என்னமோ. அதை அழிச்சிட்டு ஜேபிஜின்னு அடிச்சேன். வேலை முடிஞ்சுதுன்னு சிடியில ஏத்தி முத்துச்செல்வி கையில கொடுத்தேன். ஹாஸ்டல்ல டிவியில போட்டுப் பாருங்க, எது பிடிக்குதோ சொல்லுங்க, பிரிண்ட் போடறேன்னேன். கார்டையும் அழிச்சிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் பொண்ணுங்க மொத்தமும் டிவி முன்னாடி உக்காந்திருந்தாங்களாம். திரை கருப்பாவே இருந்துச்சாம்.

மறுநாள் வந்து கேட்டா. உங்க பிளேயர் சரியில்லைன்னேன். அதுக்கப்புறம் மெட்ராஸ் லேபுக்கு அனுப்பியிருக்கேன்னேன். அனுப்பலை. தினம் ஒரு தடவை திறந்து பார்த்தேன், திறக்கலை. எனக்குத் தெரியலைன்னு சொல்ல வாய் வரலை. நாப்பது வருஷமா நான் சொல்லாத வார்த்தை அது.

தை வந்துது. முத்துச்செல்வி ஒரு சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கிட்டு பரமக்குடி போனா. மணமேடையில சுகப்பிரியா கடிகாரத்தை வாங்கிட்டு, "படம் எங்கடி?"ன்னு கேட்டாளாம். வந்துக்கிட்டு இருக்குன்னு இவ சொல்லியிருக்கா. "வரட்டும். அதுவரைக்கும் புது வீட்ல ஒரு ஆணி சும்மாவே இருக்கட்டும்"னு அவ சொன்னாளாம்.

புருஷனுக்கு சூரத்துல வேலை. ஒரு வருஷம் போன்ல பேசினாங்க. அப்புறம் அந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு வந்துது. அவளைப் பெத்தவங்களும் பரமக்குடி வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கியோ போயிட்டாங்க. இங்க முத்துச்செல்வி பக்கத்துல அஞ்சு வருஷத்துல ஆறு பேர் வந்து உக்காந்தாங்க. லைன் லீடர் ஆக்கறோம், முன்னால வந்து நில்லுன்னு கூப்பிட்டும், அந்த சீட்டை விட்டு எழுந்து போகலை அவ. பக்கத்து சீட்டுல யாரோ ஒருத்தி கொட்டாவி விட்டா, சுகப்பிரியாதான்னு நினைச்சு சட்டுனு அந்தப் பக்கம் திரும்பிருவாளாம்.

2014 கடைசியில கம்பெனி நின்னுது. ஊருக்குப் போற அன்னிக்கு காலையில பையோட என் கடைக்கு வந்தா. அந்த சிடியைப் பழைய மாஸ்க் ஒண்ணுல சுத்தி வச்சிருந்தா.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் உண்மையச் சொல்லுங்க. இதுல படம் இருக்கா, இல்லியா?"

சொன்னேன். பேரை மாத்தினதைச் சொன்னேன், திறக்கத் தெரியாததையும் சொன்னேன். அவ கோவப்படலை. சிடியைத் திருப்பிப் பார்த்தா.

"பெட்டி மேல ஸ்டிக்கர மாத்தி ஒட்டிட்டா உள்ள இருக்க பீஸு மாறிருமா அண்ணாச்சி? எங்க லைன்லயும் இது நடக்கும். பீஸு ஒண்ணும் ஆகாது. பழைய ஸ்டிக்கர ஒட்டி, எந்த மிஷின்ல இருந்து வந்துச்சோ அந்த மிஷினுக்கே அனுப்பிருவோம்."

எந்த மிஷின்? கேமராதான். எனக்கு அப்பத்தான் கேமரா வந்த பெட்டி ஞாபகம் வந்துது. பரண்ல இருந்து இறக்கினேன். முதல் பூஜையில வச்ச சந்தனப் பொட்டு மேல காய்ஞ்சு இருந்துது. உள்ள, கேமராவோட கொடுத்த சிடி, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம. எல்லாம் தெரிஞ்ச எனக்கு இது எதுக்குன்னு அன்னிக்குத் தூக்கிப் போட்டது.

அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். கூட இருந்த சின்னப் புஸ்தகத்துல பார்த்து, படத்துக்குப் பழைய பேரை அடிச்சேன். முதல் படம் திறந்துது. கண்ணை மூடியிருந்தாங்க. ரெண்டாவது ஆடியிருந்துது. மூணாவதுல முத்துச்செல்வி நேரா கேமராவைப் பார்த்து நிக்கிறா. சுகப்பிரியா கேமராவைப் பார்க்கலை. திரும்பி இவளைப் பார்த்துக்கிட்டு இருக்கா.

முத்துச்செல்வி மானிட்டர் கிட்ட வந்து நின்னா. "இங்கயா பாத்துட்டு இருந்தா"ன்னு மட்டும் சொன்னா.

நான் எத்தனையோ படம் எடுத்தவன். அந்த மாதிரி ஒண்ணு எடுத்ததில்லை. கடை வாசல்ல மாட்டட்டுமான்னு கேட்க வந்து, கேட்கலை.

ரெண்டு பிரிண்ட் போதும்னா. ஒண்ணை மாஸ்க்ல சுத்திப் பைக்குள்ள வச்சா. இன்னொண்ணைக் கவர்ல போட்டு என்கிட்டயே கொடுத்தா. கம்பெனி நின்ன சேதி கேட்டு சுகப்பிரியா ஒருநாள் இந்தப் பக்கம் வந்தாலும் வருவா, வந்தா உங்க கடைக்குத்தான் வருவா அண்ணாச்சின்னா. பஸ் ஏறிப் போயிட்டா.

இந்த 2015 டிசம்பர் மழையில செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினப்ப என் கடைக்குள்ளயும் முழங்கால் தண்ணி. கம்ப்யூட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடி அந்தக் கவரைத்தான் மேல எடுத்து வச்சேன். கவர் மேல முத்துச்செல்வி சுகப்பிரியான்னு பேரை மட்டும் எழுதியிருக்கா. அதுக்குக் கீழ, விலாசத்துக்கு, மூணு வரி இடம் விட்டு வச்சிருக்கா.