ஏலகிரிக்குப் போன அம்பாசடரும் ஐந்தாவது புஷ்ஷும்

1. கையோடு வந்த ராடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணி. ஷெட்டைத் திறந்ததும் வழக்கம்போல ஸ்பேனர்களை எண்ணினேன். முப்பத்து நான்கும் இருந்தன. ஜன்னலோர பெஞ்சில் ஒரு துண்டு ராடைக் கிளாம்பில் முடுக்கி வைத்திருந்தேன். அதைச் சும்மா பிடித்து இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. வியாழக்கிழமை நானும் வெல்டர் வேலுவும் சேர்ந்து இழுத்தும் அசையாத ராடு அது.

அதே மாதிரி நான்கு கிளாம்புகள் நஜீர் பாயின் அம்பாசடருக்கு அடியில் இருந்தன. அந்த வண்டியில் பாயும் அவர் மனைவி பர்வீனும் ஆறரை மணிக்கே ஆம்பூரிலிருந்து ஏலகிரிக்குக் கிளம்பியிருந்தார்கள். மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்.

2. எதற்கு இந்த ராடு

பாய் ஷூ சோல் வெட்டித் தரும் யூனிட் வைத்திருப்பவர். அம்பாசடர் அவர் அப்பா காலத்து வண்டி. மூன்று வாரம் முன்பு ஷெட்டுக்கு வந்தவர் இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"இன்னா மேஸ்திரி, வளைவுல வண்டி ஒரேடியா சாயுது. போன தடவ மூணாவது வளைவுலயே பர்வீனுக்கு வாந்தி. இனிமே இந்த வண்டில கால் வைக்க மாட்டேன்னுட்டா. அவ இல்லாம நான் மட்டும் எங்க ஓட்டிகினு போறது?"

இதற்கு மருந்து ஸ்வே பார். எங்கள் பக்கம் பேலன்ஸ் ராடு என்போம். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் குறுக்காக இணைக்கும் ஒரு ஸ்பிரிங் ஸ்டீல் ராடு. இரண்டு சக்கரமும் சேர்ந்து மேடு ஏறினால் அது புஷ் எனும் ரப்பர் வளையத்துக்குள் சும்மா உருளும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது ராடு முறுக்கிக்கொள்ளும்; அந்த முறுக்கு, சாய்வைத் தடுக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட முடிவு செய்தோம். கிளாம்பு நான்கு, ராடின் நுனியைச் சக்கரப் பக்கம் இணைக்கும் லிங்க் நான்கு, நட்டு மொத்தம் பதினாறு.

ராடு தயாராகி வந்துவிட்டது. கிளாம்புக்குள் வைக்கும் ரப்பர் புஷ் மட்டும் சென்னையிலிருந்து வரவில்லை. பாய் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகலாம் என்று மனைவியை ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"ரப்பர் ரப்பர்னு ஏன் பேஜார் ஆவுறீங்க? ஆம்பூர்ல உக்காந்துகினு தோலுக்குப் பஞ்சமா? நம்ம யூனிட் சோல் லெதர் எடுத்துக்கோங்க. கல்லு மாதிரி இருக்கும்."

வேறு ஊர் மெக்கானிக்காக இருந்தால் சிரித்திருப்பான். எங்கள் ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். பம்பு வாஷரா, கதவு ஆட்டமா, பேட்டரி அடியில் இடைவெளியா, எல்லாவற்றுக்கும் ஒரு துண்டுத் தோல். ஒவ்வொரு ஷெட்டிலும் வெட்டுத் தோல் மூட்டை ஒன்று இருக்கும். டிப்ளமோ படித்த நானும் தலையாட்டினேன். பாய் யூனிட்டில் டை என்ற வெட்டு அச்சை வைத்து ஐந்து புஷ் வெட்டினோம். நான்கு வண்டிக்கு. எதிலும் ஒன்று கூடுதலாகச் செய்வது என் பழக்கம். ஐந்தாவதை மீதி ராடில் மாட்டி, அதே கிளாம்பில் அதே அளவு முடுக்கி, ஜன்னலோரம் வைத்தேன். பதினாறு நட்டையும் இரண்டு முறை எண்ணி, தளர்ந்தால் தெரியும்படி பெயின்ட் புள்ளி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. பாய் அந்த மழையில் அம்பாசடரில் குடியாத்தம் போய் வந்தார். என் ஜன்னலிலும் சாரல் அடித்தது. சனிக்கிழமை வெயில். நனைந்த தோல் கிளாம்புக்குள் நசுங்கி, காய்ந்து, சுருங்கிவிட்டது. நட்டு ஒன்றுகூடத் தளரவில்லை. பிடி மட்டும் போய்விட்டது.

பிடி போனால் ராடு பக்கவாட்டில் நகரும். முன் ராடு இடது பக்கம் நகர்ந்தால் அங்கே இருப்பது பிரேக் ஹோஸ், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய். அது கிழிந்தால் பிரேக் பிடிக்காது.

3. நாற்பது கிலோமீட்டர்

ஏழு முறை போன் அடித்தேன். பாய் எடுக்கவில்லை.

அப்போதுதான் வந்த வேலு சொன்னான்: "எடுக்க மாட்டாரு மேஸ்திரி. ஸ்டியரிங்கப் புடிச்சா அவருக்குக் காது கேக்காது. ஏறுங்க பைக்ல."

ஏலகிரி அடிவாரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேலுவின் தோளைப் பிடித்துக்கொண்டு மைல் கற்களை எண்ணிக்கொண்டே போனேன். வாணியம்பாடி தாண்டியதும் எதிரே ஓர் ஆம்புலன்ஸ் சைரனோடு போனது. அதற்குப் பிறகு எதையும் எண்ணவில்லை.

"வேற யாருக்காவது இருக்கும் மேஸ்திரி. நீங்க கண்டத நெனச்சி என் தோள நசுக்காதீங்க," என்றான் வேலு.

அடிவாரத்தில் டீக்கடை ஓரம் வெள்ளை அம்பாசடர் நின்றது. நான்கு சக்கரமும் நேராக இருந்தன. பாய் கையில் டீ கிளாஸ். நான் பைக்கிலிருந்து இறங்கி அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"அரே மேஸ்திரி! நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே சொல்லுங்க இவகிட்ட. எலி கத்துதாம். மலை ஏற வுட மாட்டேங்கறா. அரை மணி நேரமா நிக்கறோம்."

முன் சீட்டிலிருந்து பர்வீன் அம்மா தலையை நீட்டினார். "நான் எலின்னு சொல்லல. புதுச் செருப்பு கத்தற மாதிரின்னு சொன்னேன். முப்பது வருஷமா இவரு யூனிட்டு பக்கத்துல குடியிருக்கேன், தோல் சத்தம் எனக்குத் தெரியாதாண்ணா? வண்டிக்கு அடியில தோல் எதுக்குக் கத்தணும்?"

வண்டிக்கு அடியில் தோல் இருக்கும் விஷயத்தை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. பாய் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாக்கை விரித்து அடியில் படுத்தேன். முன் ராடு ஒன்றரை அங்குலம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. ஹோஸுக்கு அரை அங்குலம் மிச்சம். நேர் சாலையில் அது போதும். வேலுவிடம் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பச் சொன்னேன். ஹோஸ் வந்து ராடு மேல் உரசி நின்றது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை அப்படித்தான் திருப்ப வேண்டும். ஏறும்போது பதினான்கு, இறங்கும்போது பதினான்கு. எந்த வளைவில் ஹோஸ் கிழிந்திருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை. ஹோஸைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

எழுந்து வந்து இருவரிடமும் உள்ளதைச் சொன்னேன். "தோல் பாய் கொடுத்தது. ஆனா மாட்டினது நான். தப்பு என்னுது."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "இன்னொரு டீ சொல்லட்டா?"

"சொல்லுங்க. மேஸ்திரிக்கும் சொல்லுங்க. அவரு மூஞ்சப் பாருங்க."

இரண்டு ராடையும் அங்கேயே கழற்றி டிக்கியில் போட்டோம். பழையபடி சாய்ந்துகொண்டே வண்டி மெதுவாக ஆம்பூர் வந்து சேர்ந்தது.

4. பதினான்கு

பத்து நாளில் ரப்பர் புஷ் வந்தது. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கிளாம்பை ஒட்டியும் ராடில் காலர் எனும் இரும்பு வளையம் ஒன்றை மாட்டி, போல்ட் போட்டு இறுக்கினோம். ராடை வெல்டிங் சூட்டில் கெடுக்கக் கூடாது என்பதால் வெல்டர் வேலுவுக்கு இதில் வேலை இல்லை; அவனுக்கு வருத்தம். இனி புஷ் முழுக்கத் தேய்ந்தாலும் ராடு பக்கவாட்டில் போகாது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. முடுக்கு இருக்கிறதே என்று விட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மலைக்குப் போனபோது பின் சீட்டில் நானும் உட்கார்ந்தேன். வளைவுகளை எண்ணினேன். வண்டி சாயவில்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு சாய்ந்ததில் பாதிக்கும் குறைவாகச் சாய்ந்தது. பர்வீன் அம்மா மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தது பதினோராவது வளைவில். மேலே போனதும் கேட்டார்: "அவ்ளோதானாண்ணா? முடிஞ்சிடுச்சா?"

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இரண்டு விஷயம். நகரும் பாகத்தை முடுக்கை மட்டும் நம்பி விடாதீர்கள். முடுக்கு போனாலும் அது எதிலே போய் முட்டும் என்று பார்த்து, அதற்கு முன்னால் ஒரு தடை வையுங்கள். நான் நட்டை எண்ணினேன், இதைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. இப்போதெல்லாம் வேலை முடித்து வண்டியைக் கொடுக்கும்போது, ஓட்டுபவரிடம் மட்டும் பேசுவதில்லை. பக்கத்து சீட்டில் உட்காருபவரையும் கூப்பிட்டு, அடியில் என்னென்ன போட்டிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புகிறேன்.