தலைவர் காட்டுவதற்காகப் பூட்டிய குளம்

குளத்தக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஊருக்கு இருக்கிற ஒரே நீச்சல் குளத்தைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? குளோரின் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்துப்போன கை அவளுக்கு. விடிகிற நேரத்துக்கு வந்து, நீளக் கம்பு வலையால் சருகுகளை அள்ளுவாள். பிறகு கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்ப்பாள். சோதனைத்தாள் நிறம் மாறுவதற்குள் அவள் மூக்கு சொல்லிவிடும்.

அந்தக் குளத்தை ஐந்து வாரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். உலக விளையாட்டுப் போட்டியை நம் நாட்டில் நடத்த வேண்டும் என்று நாட்டுத் தலைவருக்கு ஆசை. ஆசைப்பட்டால், அதற்கென்று இருக்கிற ஆட்களை அனுப்பிக் கேட்க வேண்டியதுதானே. இல்லை, தாமே நாடு நாடாகப் போய், போட்டி எந்த நாட்டுக்கு என்று ஓட்டுப் போடுகிறவர்களின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருநாள் வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிவந்து இந்தக் குளத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. அதுவரை யாரும் கால் நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் மேனேஜர். தலைவர் வருகிற தேதி மூன்று முறை தள்ளிப்போனது. பூட்டு மட்டும் அசையவில்லை.

இதில் மாட்டிக்கொண்டது அவள் மகள். இன்னும் ஏழு நாளில் தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வயதுக் கணக்கில் அந்தப் பெண்ணுக்கு இதுவே கடைசி வருஷம். நீந்தத் தண்ணீர் இல்லாமல், மொட்டைமாடியில் கம்பியில் ரப்பர்க் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அவரே நேர்ல போய்க் கேட்டாத்தான் மதிப்பு,” என்றார் குளத்தக்காவின் கணவர், பஸ் ஓட்டிவிட்டு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே. “பெரிய மனுஷன் வாசல்ல வந்து நின்னா, யாரு இல்லன்னு சொல்லுவா?”

“நிக்கட்டும். இங்க ரோடும் ஆஸ்பத்திரியும் கேட்டு நாம யாரு வாசல்ல போய் நிக்கிறதாம்?”

“உனக்கு நாட்டுப் பெருமையே கிடையாது.”

“இருக்குது. மாடியில கயிறு இழுத்துக்கிட்டு இருக்குது, போய்ப் பாருங்க.”

கணவர் கழற்றிய ஷூவை ஓரமாக வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

மறுநாள் காலை தண்ணீரை மோந்தவளுக்கு முகம் சுருங்கியது. குளோரின் வாசனையைக் காணோம், ஈரத்துணியை மடித்து வைத்த வாடை. படிச்சுவரைத் தடவினால் விரல் வழுக்கியது. போட்டோவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரிய வேண்டும் என்று மேனேஜர் நாலு நாளாகப் பம்பை நிறுத்தச் சொல்லியிருந்தார். ஓடாத தண்ணீர் பாசி பிடிக்கும் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டதை யார் கேட்டார்கள்?

அவள் பம்பைப் போட்டாள். குளோரினை அளந்து கலந்தாள். அது கலந்து இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, போனை எடுத்து மகளிடம், “துண்ட எடுத்துக்கிட்டு வா,” என்றாள். பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். வேலை போனால் போகட்டும்.

மகள் மூன்றாவது சுற்று நீந்திக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்துவிட்டார். அலையடிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“யாரைக் கேட்டுத் திறந்தீங்கக்கா?”

“தண்ணியக் கேட்டேன் சார். நாறப் போறேன்னு சொல்லுச்சு.”

சண்டைக்கு வருவார் என்று நினைத்தாள். அவரோ பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். “தலைவர் வரல. நேரா ஓட்டுப் போடற ஊருக்கே போறாராம்.”

“எப்பச் சொன்னாங்க?”

“முந்தாநாள். இல்ல, அதுக்கும் முந்தின நாள். ஏகப்பட்ட போன் வந்துச்சு. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

மூன்று நாள். வீணாய்ப் பூட்டிக் கிடந்த மூன்று நாள். திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது, ஆனால் அதற்குத் தெம்பு வேண்டுமே. அவள் மகள் பக்கம் திரும்பி, நூறு மீட்டருக்கு நேரம் கணக்கிட்டாள்.

மகள் சுவரைத் தொட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்தாள். “எவ்வளவும்மா?”

பொய் சொல்லியிருக்கலாம். “பழைய டைம்ல இருந்து அஞ்சு செகண்டு போயிடுச்சு.”

பெண் குளத்தின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டாள். “ஆறு நாள்ல திரும்பி வருமா?”

“முழுசா வராது கண்ணு. பாதி வரும். அந்தப் பாதி போதுமான்னு எனக்குத் தெரியல.”

பெண் நீச்சல் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, சுவரை உதைத்துக் கிளம்பினாள்.