செந்தூரமும் பூட்டி வைத்த உப்பும்

1959 டிசம்பர் மூன்றாம் தேதி, காலை ஆறேகால் மணி, விடாத தூறல். கொல்லையில் வாய் கொப்பளிக்கப் போன என் மனைவி, கீழ்வரிசைப் பல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு.

கால் முழுக்கக் கரப்பான் என்ற அரிப்புச் சொறி. அதற்காகத் தாடிக்கொம்பு வைத்தியர் ஒருவர் பாதரசம் சேர்த்த செந்தூரம் கொடுத்திருந்தார். அரிசி எடை, தேனில் குழைத்து, இரண்டு வேளை. உப்பும் புளியும் ஆகாது. பத்தாம் நாள் ஈறு வீங்கி எச்சில் ஒழுகத் தொடங்கியது. சின்னாளப்பட்டியிலிருந்து வந்திருந்த மாமியாருக்குச் சந்தோஷம்.

"வாய் வந்துருச்சுல்ல? மருந்து பிடிச்சிருச்சு மாப்ள. கெட்ட நீரெல்லாம் இறங்குது."

வாய் புண்ணாகி எச்சில் ஒழுகினால், அதாவது 'வாய் வந்தால்', மருந்து வேலை செய்கிறது என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பினார்கள். நானும்தான்.

பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்தியரிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் சொன்னார்:

"உப்பைத் தொட்டிருக்கு. பத்தியம் முறிஞ்சா இப்படித்தான். மறுபடி மொதல்லேர்ந்து ஒரு மண்டலம் குடுங்க."

"தொடலைங்கய்யா."

"பொம்பளைக நாக்கு சும்மா இருக்குமா தம்பி?"

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. மருந்து தொடங்கிய அன்றே உப்பு ஜாடியை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். எனக்கும் மாமியாருக்கும் இலையில் நானே உப்புப் போட்டேன். அவள் தொட்டிருக்க வழியே இல்லை. அப்படியானால் பல்லை உதிர்த்தது செந்தூரம்தான்.

வீட்டில் மாமியார் அடுத்த வேளைக்குக் குழைத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"என்ன மாப்ள இது! பாதியில நிறுத்துனா விசமாயிரும்!"

"இப்பவே அதுதான் அத்தை."

என் மனைவி முந்தானையால் வாயைத் துடைத்தாள். "சாவியை இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிஞ்சீகள்ல, அம்புட்டு அக்கறையில கொஞ்சம் வண்டி பிடிக்கவும் காட்டுங்க." அவள் கை நடுங்கியதை அப்போதுதான் கவனித்தேன்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் ஈற்றை அழுத்திப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். "வாய் வந்தது மருந்து பிடிச்சதால இல்லை. பாதரசம் உடம்புல ஏறினதால. இன்னும் கொஞ்ச நாள் குடுத்திருந்தீங்கன்னா சிறுநீரகம் போயிருக்கும்."

மூன்று வாரம் படுக்கையில் இருந்து பிழைத்தாள். மேலும் இரண்டு பல் விழுந்தன. கரப்பான் அப்படியே இருந்தது.

வைத்தியருக்குப் பன்னிரண்டு ரூபாய், வெளியில் வாங்கிய ஊசி மருந்துக்கு முப்பத்தெட்டு, மூன்று பல் கட்ட நாற்பத்தைந்து, வண்டிக்கு மூன்றரை. ஆக மொத்தம் தொண்ணூற்றெட்டு ரூபாய் ஐம்பது நயா பைசா.