செல் தீர்ந்துபோன காது மிஷின்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் அப்போது இருந்தோம். மாமனாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஐந்து வருஷமாகப் படுக்கை. காதும் சுத்தமாகக் கேட்காது. வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே வலையோடு போய்விடுவார். மாமனாரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு நான் மீன் கூடையோடு கடைத்தெருவுக்கு ஓடவேண்டும். திரும்பி வந்தால் மறுபடி துணி, மறுபடி கஞ்சி.

எனக்கு இருந்த ஒரே வசதி அவருக்குக் காது கேட்காததுதான். துடைத்துக்கொண்டே வாய்விட்டுத் திட்டுவேன். "இந்தக் கெழத்துக்கு ஒரு சாவு வர்ல, எனக்கு ஒரு விடிவு வர்ல." முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொள்வேன். அவரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்.

அந்தச் சமயம் பட்டணத்தில் வேலை பார்த்த கொழுந்தனார் அவரைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு ஆஸ்பத்திரியில் வயசானவர்களுக்குக் கொடுத்த காது மிஷினை வாங்கி மாட்டிக் கூட்டிவந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, ஒரு ஒயர், காதில் சொருக ஒரு குமிழ். டப்பாவைச் சட்டைப் பையில் வைக்க வேண்டுமாம். மாமனார் என்றைக்குச் சட்டை போட்டார்? என் பழைய ரவிக்கைத் துணியில் ஒரு பை தைத்துக் கழுத்தில் தொங்கவிட்டேன். மிஷினைப் போட்டதும், "கடலு கேக்குதும்மா" என்று குழந்தைபோல அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நாலு நாள் வாயைக் கட்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் மீன் விற்காமல் வெயிலில் நொந்து வந்தேன். படுக்கை நனைந்திருந்தது. மறந்துபோய்ப் பழைய பாட்டை முழுசாகப் பாடிவிட்டேன். அப்புறம்தான் அந்த ஒயர் கண்ணில் பட்டது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் குமிழைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "செல்லு தீந்துடுச்சு போல, ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நேற்றும் கேட்டிருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். புது செல் வாங்கப் பொன்னேரிக்குப் போக ஒரு மாசம் ஆக்கினேன். அதுவரை பழையபடி புலம்பல்தான்.

பொன்னேரிக் கடைக்காரர் பழைய செல்லை ஒரு டார்ச் பல்பில் வைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. "செல்லு நல்லாத்தானே கீது, இன்னாத்துக்குப் புதுசு?" என்றார்.

வீடு வந்ததும் அதே செல்லைப் போட்டு, குமிழை என் காதில் வைத்துச் சுவிட்சைத் திருகினேன். என் வளையல் சத்தமே பெரிதாகக் கேட்டது. அவர் காதில் மாட்டி, "ஏன் மாமா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நாலு நாளு வாயத் தொறக்காம பாத்திரத்தப் போட்டு ஒடைச்சியே. கத்துனாதாம்மா ஒனக்கு பாரம் எறங்கும். நான் கேக்காம இருந்துட்டுப் போறேன்" என்றார். அதற்காகக் கடல் சத்தத்தையும் சேர்த்தல்லவா விட்டுக்கொடுத்திருக்கிறார்! அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அன்றோடு புலம்பலை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். உடம்பு அலுப்பு அப்படி விடுமா? ஆனால் வெளியே போய்ப் புலம்பிவிட்டு வருவேன். மிஷினை அணைக்க மட்டும் அவரை விடவில்லை. மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் என்று ஊரில் என்னைப் பாராட்டும்போதெல்லாம், அந்த ஒரு மாசம் என்னைப் பார்த்துக்கொண்டது அவர்தான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொள்கிறேன்.