வாக்கில்லாத ஊரில் ஓர் அக்கா

லண்டன் புறநகரொன்றில் லிபரல் கட்சியின் நகரசபை உறுப்பினராக இருந்தவர் அந்த அக்கா. தேர்தலில் தோற்றபின் ஜேர்மனியின் ஹனோவரில், எங்கள் தெருவில், மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். குட்டை முடி, எந்நேரமும் மழைக்கோட்டு. கதிரையில் அமர்ந்து கதைக்கமாட்டார். தெருவில் என்ன குறையென்று யன்னலால் பார்த்தபடியே நிற்பார்.

பள்ளிக்கூட வாசலில் பாதசாரிக் கடவை இல்லையென்று கண்டதும் கையெழுத்துச் சேர்க்கப் புறப்பட்டார். ஜேர்மன் மொழியான டொச்சில் கதைக்க என்னையும் கூட்டிப்போனார்.

“உங்களுக்கு இஞ்ச வாக்கே இல்லையே, அக்கா?”

“ஓம் தம்பி. வாக்குக் கேக்காமல் ஒருக்காக் கதவு தட்டிப் பாப்பம்.”

ஒரு முதியவர் கையெழுத்திட்டுவிட்டு, எந்தக் கட்சி என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார்.

“பக்கத்து வீடு எண்டு சொல்லுங்கோ.”

கடவை போடுமுன்பே அவர் லண்டன் திரும்பிவிட்டார். கடவை போட்டாயிற்று என்று நான் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்தாரா, அழுகையை அடக்கினாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.