நான் வரையாத மீசை

"இருட்டு ரூமுக்குள்ள ஒத்தையில நிப்பியா நீ? பொம்பளப் புள்ளைங்க ரெண்டாம் நாளே ஓடிடுங்க."

வேலை கேட்டுப் போன அன்று கலியபெருமாள் அண்ணன் சொன்னது இது. விருத்தாசலம் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா ஓட்டுச் சூளையில் வேலை பார்த்தார், ரேஷன் கார்டில் இன்றைக்கும் அவர் கைநாட்டுதான். நிற்பேன் என்று சொன்னேன், நின்றேன். படம் கழுவும் ஹைப்போ கலக்கவும், என்லார்ஜரில் பிரிண்ட் போடவும், பென்சிலும் பிளேடும் வைத்துப் படத்தைத் திருத்தி டச்சிங் செய்யவும் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். கண்ணாடியில் எழுத்து எழுதுவதில் அண்ணனைவிட என் கை சுத்தம். அதனால் டாக்கீஸ் இடைவேளையில் காட்டும் விளம்பர ஸ்லைடுகள் என் பொறுப்பாயின.

இந்தத் தொழிலுக்கு வரப்போகும் பெண்களுக்காக, அப்படி ஒரு ஸ்லைடைப் பற்றி எழுதுகிறேன்.

மீசை

வைகாசி முகூர்த்தத்துக்குப் பட்டுச்சேலை விளம்பரம் வேண்டும் என்று ஒரு ஜவுளிக்கடை முதலாளி வந்தார். கல்யாண ஜோடி ஒன்று படத்தில் நிற்க வேண்டும். ஆள்தான் கிடைக்கவில்லை. முன்பின் தெரியாத ஆண் பக்கத்தில் நிற்க எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் கண் பட்டுவிடும் என்றார்கள். அந்தக் கடையில் சேலை எடுத்துக் காட்டும் வசந்தா, பக்கத்தில் ஆண் இல்லையென்றால் நிற்கிறேன் என்றாள்.

அவளோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவள் அஞ்சலை. பீங்கான் கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிறவள். குலதெய்வத்துக்கு மொட்டை போட்டு மூன்று மாதம் ஆகியிருந்ததால் தலை ஆண்பிள்ளை கிராப்பு போல இருந்தது. அவளுக்கு வேட்டி சட்டை போட்டுவிடலாம் என்பது முதலாளியின் யோசனைதான்.

"பொண்ணும் பொண்ணும் நின்னா எவன் என்னா சொல்லப் போறான்? மீசய மட்டும் நீ போட்டுடும்மா" என்று என்னிடம் சொன்னார்.

அஞ்சலை வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டே, இதுதான் நான் எடுத்துக்கொள்ளும் முதல் போட்டோ என்றாள். அண்ணன் இருவரையும் ஒட்டி நிற்கச் சொன்னார்.

"குளிச்சிட்டு வந்தும் மாப்ள மேல களிமண்ணு வாசன போவுல பாரு" என்றாள் வசந்தா.

"கட்டிக்கப் போறவ சகிச்சிக்க."

வசந்தா சிரித்துக்கொண்டே அவள் காலரைச் சரி செய்தாள். சரி செய்த கை அங்கேயே நின்றது. அஞ்சலை அவளைப் பார்த்தாள். அண்ணன் கிளிக் செய்தார்.

ரோலைக் கழுவி, அந்த ஃப்ரேமைப் பிரிண்ட் போட்டுச் சிவப்பு விளக்கில் பார்த்தேன். அவர்கள் வெறும் அறைத்தோழிகள் அல்ல என்று எனக்கு அப்போது புரிந்தது. கொஞ்சம் தயக்கமாகவும் இருந்தது. ஆனால் எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நிற்பார்கள். இந்தப் படத்தில் உயிர் இருந்தது. அதையே ஸ்லைடுக்கு எடுத்துக்கொண்டேன். பிரிண்டில் மீசை வரைந்து பார்த்தேன். கூத்துக்காரன் முகம்போல ஆகிவிட்டது. துடைத்துவிட்டேன். என் டச்சிங்கைவிட அவள் முகம் நன்றாக இருந்தது. அண்ணன் சேத்தியாத்தோப்பில் கல்யாண வேலைக்குப் போயிருந்தார். யாரையும் கேட்காமல் ஸ்லைடை டாக்கீஸுக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஞாயிறு. பீங்கான் கம்பெனி ஆட்கள் நிறையப் பேர் படத்துக்கு வந்திருந்தார்கள். என் ஸ்லைடைத் திரையில் பார்க்கும் பெருமைக்காக நானும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் ஸ்லைடு வந்ததும் முன்வரிசையில் ஒரு குரல்.

"டேய், அது நம்ம கைப்பிடி அஞ்சலைடா."

விசில் பறந்தது. இன்னொருவன் கேட்டான்: "அப்ப வூட்டுல யாரு புருசன்?"

பெரிய சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. காலரில் நின்ற கையையும் அந்தப் பார்வையையும் எல்லோரும் கவனித்துவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள், இதையெல்லாம் பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் போடுவார்களா என்று முகத்தை மூடிக்கொண்டார். ஸ்லைடை எடுக்கச் சொல்லி ஆபரேட்டரைக் கெட்ட வார்த்தையில் கத்தினார்கள்.

மறுநாள் காலை ஜவுளிக்கடை போர்டில் சாணி. முகூர்த்தச் சேலை எடுக்க வந்த குடும்பங்கள் வாசலோடு திரும்பின. முதலாளி டாக்கீஸுக்கு ஓடி ஸ்லைடை உடைத்தார், ஸ்லைடோடு போயிருந்த பிரிண்டைக் கொளுத்தினார், இரண்டு பெண்களும் தன்னை ஏமாற்றிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னார். யோசனை யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. வசந்தாவுக்கு வேலை போயிற்று. அஞ்சலையைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தினார்கள். வீட்டுச் சொந்தக்காரர் அவர்கள் அறைக்குப் பூட்டுப் போட்டார். செவ்வாய்க்கிழமை இருவரும் ஊரில் இல்லை.

பெஞ்சில் மூன்று பேர்

புதன்கிழமை மத்தியானம் அஞ்சலையின் அண்ணன் நல்லூர்ப் பக்கமிருந்து வந்தான். கூட இரண்டு பேர். மெதுவாகத்தான் பேசினான். கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"அந்தப் போட்டோ பத்து காப்பி வேணுங்க. பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா காட்டிக் கேக்கணும்."

கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கலியபெருமாள் அண்ணன் கேட்டார்.

"அது எங்க வூட்டு விசயங்க."

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், போட்டுக் கொடும்மா என்றார்.

இருட்டறைக் கதவைச் சாத்தினேன். அந்த அறையில் எனக்குப் பயம் வந்த ஒரே நாள் அதுதான். கை தவறி டெவலப்பர் தரையில் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் டீ சொல்வது கேட்டது. அஞ்சலைக்கு உலகத்தில் வேறு போட்டோ கிடையாது. அவள் முகம் இருந்த ஒரே இடம் என் விரல் நுனியில் இருந்த அந்த நெகட்டிவ்தான். முடியாது என்று சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டையும் அப்பா வேலை செய்யும் சூளையையும் விசாரித்துக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது.

குப்பைக் கூடையில், கழுவிய ரோல்களில் வெட்டிப் போட்ட வால் துண்டுகள் கிடந்தன. படம் ஏறாத, கண்ணாடி மாதிரியான ஃபிலிம். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்தேன். நெகட்டிவைக் காகிதத்தில் மடித்து டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடினேன். சொட்டச் சொட்ட அந்தத் துண்டோடு வெளியே வந்தேன்.

"வெயில்ல தண்ணி சூடாயிடுச்சுங்க. மேல்பூச்சு கரஞ்சி போச்சு."

அஞ்சலையின் அண்ணன் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "நீதான அந்தப் படிச்ச பொண்ணு? பொய் சொன்னா எனக்குத் தெரியும்."

கலியபெருமாள் அண்ணன் அதை வாங்கினார். தொழில் தெரிந்தவனுக்கு ஒரு பார்வை போதும், அது வால் துண்டு. வெகுநேரம் பார்த்தார்.

"மட்ட சரக்குங்க. போன மாசம் ஒரு கல்யாண ரோலே இப்பிடித்தான் போச்சு."

போகும்போது அஞ்சலையின் அண்ணன் என் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டுக்கொண்டு போனான். அந்த வருடம் முழுவதும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நான் பஸ் ஏறியதில்லை.

அன்று வேலை முடிந்ததும் அண்ணன் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "நாளைக்கி வரும்போது அந்த டிபன் டப்பாவ வூட்டுலயே வெச்சிட்டு வா" என்றார்.

நெகட்டிவ் யாருக்கு

மீசை வரைந்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்களா? பல நாள் யோசித்திருக்கிறேன். வரையாததற்கு நான் வருந்தவில்லை. அந்தப் படத்தை முதலில் அவர்களிடம் காட்டி, இதை ஊர் பார்க்கலாமா என்று கேட்காமல் அனுப்பியதற்குத்தான் வருந்துகிறேன். இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நெகட்டிவ் ஸ்டூடியோவுக்குத்தான் சொந்தம் என்பது எங்கள் தொழில் வழக்கம். மறுபடி பிரிண்ட் வேண்டுமானால் எங்களிடமே வர வேண்டும். ஆனால் எங்கள் நெகட்டிவ் பெட்டியில் இருக்கும் முகத்தை, பெஞ்சில் வந்து உட்காருகிற எவனும் கேட்கலாம் என்று அந்த மத்தியானம் தெரிந்துகொண்டேன்.

மங்கலம்பேட்டையில் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள், படம் எடுக்க ஒரு பெண் இருந்தால் நல்லது என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து வருடம் அண்ணனிடம் வேலை பார்த்துவிட்டு, போன வாரம் அங்கே என் பெயரில் போர்டு மாட்டிவிட்டேன். பில் புத்தகமும் அச்சாகி வந்துவிட்டது. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு வரி: நெகட்டிவ் படத்தில் இருப்பவருக்கே.

மேஜை டிராயரில் முதல் உறையை வைத்துப் பூட்டியிருக்கிறேன். மேலே நம்பர் ஒன்று என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பெயர் எழுதவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் வந்தால் எனக்கு அடையாளம் தெரியும்.